சமச்சீர்ச் சாவி மறையாக்கம்

அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே சாவியால் தகவலைப் பூட்டித் திறக்கும் முறை. முறை ஊரறிந்ததாக இருக்கலாம். சாவி மட்டும் வெளியே போகக் கூடாது என்று 1883இல் ஆகுஸ்து கெர்க்காஃப்ஸ் வரையறுத்தார்.

தமிழில் இதற்கு ஒப்பான பழைய வழக்கு, ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறி. நன்னூல் இதை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கில் வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். குழுவினர் மனத்திலுள்ள சொற்பட்டியலே இங்கே சாவி.

எழுத்து மாற்றம் இதனினும் நுட்பமானது. காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் ஒன்றான, மறைவாக எழுதும் மிலேச்சித விகற்பத்துக்கு யசோதரர் எழுதிய உரை இவ்வகையைக் காட்டுகிறது. தமிழில் ஒவ்வொரு மெய்யையும் வரிசையில் ஓரிடம் முன்னே தள்ளி, உயிரை அப்படியே விட்டால் 'திருச்சி' என்பது 'நிலுஞ்ஞி' ஆகும். 'ஒன்று' என்பதே சாவி. பெறுபவர் ஓரிடம் பின்னே இழுத்தால் ஊர்ப்பெயர் கிடைத்துவிடும். மெய்கள் 18 ஆதலால் சாவிகள் 17தான். அத்தனையையும் போட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும். தமிழ் மரபும் ஒற்றருக்குக் கைகொடுக்கிறது. ட, ண, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நில்லாது. இலக்கணம் படித்தவர் பொருந்தாச் சாவிகளைப் பார்த்தவுடன் கழித்துவிடுவார். 'ச்சி'யின் இரட்டிப்பு 'ஞ்ஞி'யிலும் மறையாமல் நிற்பதைக் காண்க.

கணினி முறைகள் எழுத்துகளுக்குப் பதிலாகப் பிட்டுகளைக் கலைக்கின்றன. பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கலைப்பது ஓடை முறை, கட்டம் கட்டமாகக் கலைப்பது கட்ட முறை என இவை இருவகைப்படும். 1977இல் அமெரிக்கா ஏற்ற டி.இ.எஸ். 56 பிட் சாவி கொண்டது; அதற்கென்றே கட்டிய கணினி ஒன்று 1998இல் மூன்று நாளுக்குள் அதை உடைத்தது. பெல்ஜியத்தவர் இருவர் வகுத்த ஏ.இ.எஸ். 2001இல் அதன் இடத்தைப் பிடித்தது. 128 பிட் கட்டங்களைச் சாவியின் நீளத்துக்கேற்ப 10, 12 அல்லது 14 சுற்றுகளில் இது கலைக்கிறது. சாவியைக் கொண்டுசேர்ப்பதுதான் சமச்சீர் முறையின் பெருங்குறை: பத்துப் பேர் ஒருவருக்கொருவர் தனித்தனியே இரகசியம் பேச 45 சாவிகள் வேண்டும்.

 

இக்குறையைத் தீர்க்க இன்று ஆதார் சரிபார்ப்பில் விரல்ரேகைத் தகவலை 256 பிட் ஏ.இ.எஸ். சாவி பூட்டுகிறது; அச்சாவியை, பூட்ட ஒரு சாவியும் திறக்க வேறொரு சாவியும் கொண்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் இருசாவி முறை காக்கிறது. வாட்ஸாப்பிலும் இவ்வகைக் கலப்பு முறையே உள்ளது.