பேஸ் டிக்கிக்குப் போன கதை

காரில் சப்வூஃபர் என்றாலே டிக்கிதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒலியியல் விதித்த இடம் அது என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. ஆனால், இந்த வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவின் கார் வரலாற்றைப் பார்த்தால், இடத்தைத் தீர்மானித்தவை காரின் உடலமைப்பும் 12 வோல்ட் பேட்டரியும்தான் என்று தெரிகிறது. 1930இல் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா கார் ரேடியோவை அறிமுகப்படுத்திய பிறகு பல பத்தாண்டுகள் டேஷ்போர்டில் ஒற்றை ஸ்பீக்கரே பாடியது. 1966 மாடல் கார்களில் ஃபோர்டு எட்டு டிராக் டேப்பைத் தந்ததும் ஸ்டீரியோ பரவியது. கூடுதல் ஸ்பீக்கர்களுக்காகக் கதவுகளையும் பின்கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டையும் வெட்டினார்கள். அந்தத் தட்டில் உட்கார்ந்த 6க்கு 9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கரின் முதுகு டிக்கிக்குள் திறந்திருந்தது. ஆக, சப்வூஃபர் வருவதற்கு முன்பே டிக்கி ஸ்பீக்கர் பெட்டியாகிவிட்டது.

அடுத்த காரணம் மின்சாரம். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி: இவை மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. எட்கர் வில்சர் 1954இல் காற்றுப் புகாத பெட்டியை வைத்து வீட்டு ஸ்பீக்கரைச் சுருக்கிக் காட்டினார். அதற்கு விலையாக ஆம்பிளிஃபயர் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. பேட்டரியின் மின்னழுத்தத்தை நேரடியாக நம்பிய கார் ரேடியோவால் ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட்டைத் தாண்டுவதே கடினம். எனவே பெட்டி பெரிதானது. பெரிய பெட்டிக்கு செடான் காரில் டிக்கியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. டிக்கியே இல்லாத பிக்கப் வண்டிகளில் என்ன நடந்தது? ஒக்லஹோமாவின் கிக்கர் நிறுவனம் 1980வாக்கில் பிக்கப்புக்கென்றே ஸ்பீக்கர் பெட்டி செய்தது. அங்கே இருக்கையின் முதுகுப்புறமே பெட்டிக்கு இடமானது. வண்டி மாறினால் இடமும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அது வரும் திசை காதுக்குத் தெரியாது. பிறகு எங்கே வைத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள காரின் பயணியர் அறைக்குள், ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காற்று முழுவதும் ஒன்றாக அழுத்தப்படுகிறது; அந்த ஆதாயம் இருக்கைக்கு அடியில் வைத்தாலும் கிடைக்கும். சிக்கல் அதற்கு மேலே தொடங்குகிறது. கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே சுரத்தை வெவ்வேறு நேரத்தில் காதுக்கு அனுப்பினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டிக்கி மூடியின் அதிர்வு ஒலியும் பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். நேரத் தாமதத்தை இன்றைய டிஜிட்டல் கருவி சரிசெய்யும் என்பது உண்மை. ஆனால், செடானில் பின்சீட்டும் தகடும் மறிக்கும் ஒலியை அதனால் மீட்க முடியாது. டிக்கியும் அறையும் ஒன்றாகவே இருக்கும் ஹேட்ச்பேக்கில் இந்தத் தடை இல்லை. அங்கே டிக்கி நல்ல இடம்தான்.

ஆம்பிளிஃபயர் மலிந்த பிறகு சின்னப் பெட்டிக்கு ஆழமான பேஸ் எட்டாத ஒன்றல்ல. பிஎம்டபிள்யூ பல மாடல்களில் பேஸ் ஸ்பீக்கரை முன்சீட்டுகளுக்கு அடியிலேயே வைக்கிறது. செடான் வைத்திருப்பவர்கள் டிக்கிக்குப் பலகை அறுக்கும் முன், பெட்டியை வண்டிக்குள் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.