நெல் அறுவடை இயந்திரங்கள்: எந்த வயலுக்கு எது பொருந்தும்?

ஜார்ஜ்டவுன் - பினாங்கு என்றதும் தீவும் தொழிற்சாலைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பெருநிலத்தில், பெனாகா, தாசேக் குளுகோர், கெப்பாலா பத்தாஸ் வட்டாரங்களிலும் தெற்கே சுங்கை ஆச்சே பக்கத்திலும் சுமார் 10,000 ஹெக்டரில் நெல் விளைகிறது. ஆண்டுக்கு இரு பருவம். இரு பருவத்திலும் கதிரை அறுப்பது இயந்திரமே.

சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்கள். எந்த இயந்திரம் வருகிறதோ அதை ஏற்கவேண்டிய நிலையே அதிகம். இருந்தாலும், வகைகளுக்கு இடையிலான வேறுபாடு தெரிந்தால் ஒப்பந்தக்காரரிடம் கேட்கவேண்டியதைக் கேட்க முடியும்.

மூன்று வேலை, ஒரு வண்டி

அறுப்பது, அடிப்பது, தூற்றுவது ஆகிய மூன்றையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரத்திற்கு 1836-இல் அமெரிக்காவில் ஹைரம் மூர் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான். முன்னால் சுழலும் சட்டம் பயிரை வளைத்துக் கொடுக்க, வெட்டுக்கத்தி அறுக்கிறது. கதிரடிக்கும் உருளை மணியை உதிர்க்கிறது. சல்லடையும் விசிறியும் பதரைப் பிரிக்கின்றன. நெல் தொட்டிக்குப் போகிறது. வைக்கோல் பின்னால் விழுகிறது.

மூடா பார்த்த மாற்றம்

பக்கத்து மாநிலமான கெடாவின் மூடா வட்டாரத்தில் இந்த இயந்திரம் வந்த வேகத்தை ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் பதிவு செய்துள்ளார். 1975-இல் அங்கு ஏறக்குறைய முழு அறுவடையும் கையால் நடந்தது. 1980-க்குள் சுமார் 80 விழுக்காடு இயந்திரத்திற்கு மாறிவிட்டது. அவற்றின் விலை அப்போதே ஏறக்குறைய 2 லட்சம் ரிங்கிட். வாங்கியவர்கள் கூட்டாகப் பணம் போட்ட வணிகர்கள். அறுப்புக் கூலியை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், வருமானத்தை இழந்தனர். இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியில் மணல் போடப்பட்டதும், பேட்டரி கால்வாயில் வீசப்பட்டதும் அவருடைய நூலில் இடம்பெற்றுள்ளன.

பெரியதா, நடுத்தரமா?

நம் பகுதி வயல்களில் இரண்டு வகைகளைக் காணலாம். ஒன்று, நியூ ஹாலண்ட் போன்ற ஐரோப்பிய வகைப் பெரிய இயந்திரம். கோதுமை வயலுக்காக உருவானது. இங்கே சக்கரத்திற்குப் பதிலாக முன்பக்கம் சங்கிலிப்பட்டை பொருத்தி ஓட்டுகிறார்கள். வெட்டும் அகலம் நான்கு மீட்டரைத் தாண்டும். பரந்த, கெட்டியான வயலில் அதன் வேகத்துக்கு ஈடில்லை.

மற்றொன்று, குபோட்டா டிசி-70 போன்ற நடுத்தர வகை. சுமார் 70 குதிரைத்திறன், ஏறக்குறைய இரண்டு மீட்டர் வெட்டு அகலம், மூன்று டன்னை ஒட்டிய எடை, முழு நீள ரப்பர் பட்டை. ஒரு நாளில் அறுக்கும் பரப்பு குறைவு. ஆனால் சிறிய வயலில் எளிதாகத் திரும்பும். வரப்பை அதிகம் உடைக்காது.

சேற்று நிலத்தில் எடையே முதல் கேள்வி. பெரிய இயந்திரம் புதையும் இடத்தில் அடிமண்ணின் கெட்டியான அடுக்கு உடைகிறது. அடுத்த பருவத்தில் அதே குழியில் தண்ணீர் தேங்கும். உழவு வண்டியும் சிக்கும். ஒரு நாள் வேகத்தில் கிடைத்த இலாபம் பல பருவங்களுக்கு நட்டமாக மாறலாம்.

தமிழ்நாட்டுக் காவிரி டெல்டா விவசாயிகள் இதே கணக்கை 'டயர் வண்டி', 'பெல்ட் வண்டி' என்று பிரித்துச் சொல்கிறார்கள். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கிளாஸ் கிராப் டைகர் போன்ற பெல்ட் வண்டிதான் இறங்க முடியும்.

ஜப்பானில் பரவலான இன்னொரு வகை, கதிரை மட்டும் உருளைக்குள் விட்டு, தாளை முழுதாக வெளியே விடும். மணி சேதம் குறைவு. வைக்கோலும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் பயிர் ஒழுங்காக, நிமிர்ந்து நிற்க வேண்டும்.

பயிர் மாறினால்

நெல்லை உதிர்க்கப் பல் பதித்த உருளை பொருத்தமானது. கோதுமைக்கும் மக்காச்சோளத்திற்கும் வரிச்சட்டம் கொண்ட உருளையே வழக்கம். மக்காச்சோளத்திற்குத் தண்டை இழுத்துக் கதிரை மட்டும் முறித்தெடுக்கும் தனி முன்பகுதி தேவை. சோயா அவரையில் காய்கள் தரைக்கு அருகே இருப்பதால் கத்தி மிகத் தாழ்வாக ஓட வேண்டும். உருளையின் வேகத்தையும் குறைக்க வேண்டும், இல்லையேல் பருப்பு உடையும். ஒரே இயந்திரம் பல பயிருக்கு உதவும் என்ற விளம்பரத்தைக் கேட்டால், இந்த உதிரிப் பாகங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்பது நல்லது.

செம்பனைக்கு ஏன் இப்படி ஒரு வண்டி இல்லை என்று தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்பதுண்டு. நெல் வயல் முழுதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முற்றுகிறது. செம்பனைக் குலை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுக்கிறது, அதுவும் உயரத்தில். எந்தக் குலையை வெட்டுவது என்பதை இன்றும் மனிதக் கண்தான் முடிவு செய்கிறது.

இழப்பை அளப்பது எப்படி?

நெல் மணியின் ஈரப்பதம் 20 முதல் 25 விழுக்காடு இருக்கும்போது, கதிரில் 80 முதல் 85 விழுக்காடு மணிகள் மஞ்சளாகியிருக்கும்போது அறுப்பது சரி. தாமதித்தால் மணி தானாக உதிரும். முந்தினால் பச்சை மணி கலந்து, ஆலையில் எடைப் பிடித்தம் கூடும்.

இயந்திரம் போன பிறகு தரையில் கிடக்கும் மணிகளை எண்ணிப் பார்க்கலாம். ஆயிரம் நெல் மணி சுமார் 25 கிராம். ஒரு சதுர மீட்டரில் 400 மணி கிடந்தால் அது 10 கிராம். ஹெக்டருக்கு 100 கிலோ. ஒரு ரெலோங்கிற்கு ஏறக்குறைய 29 கிலோ. டன்னுக்கு 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஹெக்டருக்கு ஒவ்வொரு பருவமும் 150 ரிங்கிட் மண்ணில் கிடக்கிறது. வெட்டும் அகலம் முழுவதும் பல இடங்களில் எண்ணி, சராசரி எடுக்க வேண்டும். இயந்திரம் வருமுன்பே உதிர்ந்திருந்த மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இழப்புக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தின் பெயரல்ல, ஓட்டும் வேகம். வாடகை பரப்பளவுக்கு என்பதால் வேகமாக ஓட்டினால் ஒப்பந்தக்காரருக்கு இலாபம். உருளையும் சல்லடையும் தாங்காத அளவு பயிர் உள்ளே போனால், மணி வைக்கோலோடு வெளியேறும். அந்த நட்டம் விவசாயிக்கு.

சாய்ந்த பயிரில் இது இன்னும் கூடும். சுழல் சட்டத்தைத் தாழ்த்தி, முன்னுக்குத் தள்ளி, பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக மெதுவாக ஓட்டினால் இழப்பு குறையும். காலைப் பனி காய்வதற்கு முன் அறுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

வயலில் இறங்குமுன்

கடைசியாக ஒன்று. பாடி அங்கின் எனப்படும் களை நெல், ஒரு வயலில் அறுத்த இயந்திரத்திற்குள் தங்கிய விதையோடு அடுத்த வயலுக்குப் பயணம் செய்கிறது. பயிரைப் போலவே தோன்றி, முற்றியதும் உதிர்ந்து, விளைச்சலைத் தின்னும் களை இது. ஒருமுறை மண்ணில் கலந்தால் ஒழிப்பது கடினம்.

ஆகவே இயந்திரம் வரப்பேறும் முன் மூன்றைக் கேட்கலாம்: முந்தைய வயலுக்குப் பிறகு உள்ளே சுத்தம் செய்யப்பட்டதா? இந்த மண் அதன் எடையைத் தாங்குமா? முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி, தரையில் கிடக்கும் மணியை எண்ண ஓட்டுநர் சம்மதிப்பாரா? மூன்றாவதற்கு ஐந்து நிமிடம் போதும். நான்கு மாத உழைப்பில் எவ்வளவு தொட்டிக்குள் போகிறது, எவ்வளவு தரையில் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.