பிஎஸ்கியூஎல்: அட்டவணைப் பட்டியலும் ஸ்கீமாக்களும்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் வரும் கட்டளை வரிக் கருவி பிஎஸ்கியூஎல். பல ஸ்கீமாக்களில் (ஒரு தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் பெயர்த் தொகுதிகளில்) கிடக்கும் அட்டவணைகளை இது பட்டியலிடும் முறை, பெயர்களைத் தரவுத்தளம் தேடிக் கண்டடையும் விதத்தோடு பிணைந்தது.

தொடக்கம். பெர்க்லியில் உருவான போஸ்ட்கிரெஸ்சில் வினவல்களை இயக்க 'மானிட்டர்' என்ற நிரல் இருந்தது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகியோரின் போஸ்ட்கிரெஸ்95 அதற்கு மாற்றாக பிஎஸ்கியூஎல்லைத் தந்தது.

7.3 பதிப்பு. 2002 நவம்பரில் வெளியான இப்பதிப்பு ஸ்கீமாக்களைக் கொண்டுவந்தது. ஒரே தரவுத்தளத்தில் ஒரே பெயரில் பல அட்டவணைகள் இருக்கலாம் என்றானதும், எதை முதலில் காட்டுவது என்ற கேள்வி பிறந்தது. விடை 'தேடல் பாதை', அதாவது ஸ்கீமாக்களில் பெயரைத் தேடும் வரிசை. ஸ்கீமா பெயரைச் சொல்லாமல் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதினால் எது கிடைக்குமோ, அதுவே பட்டியலில் வரும். 'விற்பனை', 'கணக்கு' என்ற இரு ஸ்கீமாக்களிலும் 'ரசீது' என்ற அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். பாதையில் 'விற்பனை' முன்னால் நின்றால், அட்டவணைகளைப் பட்டியலிடும் 'டிடி' கட்டளை அதன் ரசீதை மட்டுமே காட்டும். மற்றது முன்னதன் மறைவில் நிற்கும். *.* என்று கேட்டால் இரண்டும் வரும். 'கணக்கு' என எழுதிப் புள்ளியும் விண்மீனும் இட்டால் அந்த ஸ்கீமாவின் அட்டவணைகள் மட்டும் வரும். பட்டியலின் முதல் நெடுவரிசையில் ஸ்கீமாவின் பெயர் இடம்பெறும். வரிசையும் அதன்படியே அமையும். ஒரு புள்ளியும் ஒரு விண்மீனும் இவ்வளவு வேலையை முடித்துவிடுவது இவ்வடிவமைப்பின் அழகு.

கருத்து வேறுபாடு. தேடல் பாதையில் கிடைப்பதை மட்டும் காட்டும் இந்த இயல்பு பொருத்தமானதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வினவலில் எது கிடைக்குமோ அதையே பட்டியலும் காட்டுவது நேர்மையானது என்பது ஒரு தரப்பு. பாதையில் இல்லாத அட்டவணை அழிந்துவிட்டதாகப் புதியவர் மிரளக்கூடும் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

பிற கருவிகள். மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றே. நடப்புத் தரவுத்தளத்தின் அட்டவணைகளே பட்டியலாகும். ஆரக்கிளில் பயனரின் சொந்த அட்டவணைகளுக்கும் அவர் அணுகக்கூடிய எல்லா அட்டவணைகளுக்கும் தனித்தனிக் காட்சிகள் உள்ளன. எஸ்கியூலைட், இணைக்கப்பட்ட தரவுத்தளங்களின் அட்டவணைகளை முன்னொட்டுடன் காட்டும்.

பிற்காலம். 2009இல் வந்த 8.4 பதிப்பு, உள்ளமைப்புப் பொருள்களைக் காண 'எஸ்' எழுத்தைச் சேர்க்கும் முறையைப் பல கட்டளைகளுக்கும் சீராக்கியது. 2022இல் வெளியான 15ஆம் பதிப்பில், மூன்று பகுதிகள் கொண்ட பெயரின் முதல் பகுதி நடப்புத் தரவுத்தளத்தின் பெயராக இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும்.