மீன்வாழ் ஓடைகளின் நீர்த்தர இலக்குகள்

மீன்வாழ் ஓடைகளின் நீர்த்தர இலக்குகள் என்பவை, நகர விரிவாக்கத்தை ஒட்டி ஓடும் நீரோடையில் மீன்கள் முட்டையிட்டு வளர்வதற்கெனத் தண்ணீருக்கு வகுக்கப்படும் அளவு வரம்புகளாகும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, ஓடையின் பயன்பாடு முதலில் அறிவிக்கப்பட்டு, வரம்புகள் அதற்கேற்ப வகுக்கப்படுகின்றன. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘டி’ வகுப்பு மீன்வளத்துக்குரியது. அதில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

வெப்பநிலை, ஆக்சிஜன், அமோனியா, வண்டல், உலோகங்கள் ஆகியவை வழக்கமான அளவீடுகள். தார்ச்சாலையும் கூரையும் பெருகும்போது மழைநீர் மண்ணில் இறங்காமல் நேரே ஓடையில் பாய்வதால், மழை நாளில் எடுக்கும் அளவீடே முதன்மையானது. வறண்ட நாள் மாதிரி மட்டும் போதாது.

சியாட்டில் நகரின் லாங்ஃபெலோ ஓடை இதற்கு எடுத்துக்காட்டு. இலையுதிர்கால மழைக்குப் பின் முட்டையிட அங்கு திரும்பிய கோஹோ வகைச் சால்மன் மீன்கள் வாய் பிளந்து, நீர்மட்டத்தில் தள்ளாடி, வயிற்று முட்டைகளுடனேயே மடிந்தன. அதே நீரில் ‘சம்’ என்னும் மற்றொரு சால்மன் வகை பிழைத்தது. டயர் ரப்பரில் கலக்கப்படும் வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோனே காரணம் என 2020இல் கண்டறியப்பட்டது. வழக்கமான பட்டியலில் இல்லாத நஞ்சு அது. மணலும் மக்கிய உரமும் கலந்த மண்படுகையில் வடிகட்டிய சாலைநீரில் கோஹோ மீன்கள் உயிர்தப்பின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் இந்நஞ்சுக்கு லிட்டருக்கு 11 நானோகிராம் என்ற வழிகாட்டு அளவை வெளியிட்டது. அது சட்டக் கட்டாயமன்று.