காப்பிக் கொட்டையின் மணத்தைச் சிறைபிடித்த கதை

காப்பி வறுக்கும் கடையைத் தாண்டிப் போகும்போது, அந்த மணம் உங்களை ஒரு கணம் நிறுத்தியிருக்கும். ஒன்றை யோசித்துப் பாருங்கள். தெருவரை வந்த அந்த மணம் கொட்டையை விட்டு ஓடிவந்த மணம் அல்லவா? அதை ஓடவிடாமல் தடுக்க மனிதன் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டிருக்கிறான்.

பச்சைக் கொட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரத்துடன் கெட்டியாக இருக்கும் அது, உலர்ந்த இடத்தில் பல மாதங்கள் கெடாமல் கிடக்கும். ஆகவே பச்சையாக வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது வறுப்பதே பழைய வழக்கம். நம் ஊர் வீடுகளில் இரும்புச் சட்டியில் வறுத்து, கைமிஷினில் அரைத்ததை உங்கள் பாட்டியிடம் கேட்டால் சொல்லக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் குடும்பங்களும் இதையேதான் செய்தன.

வறுக்கும்போது என்ன நடக்கிறது? சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஈரம் வெளியேறி, கொட்டை உப்பி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் பிறக்கின்றன. கூடவே ஏராளமான கரியமில வாயுவும் உண்டாகி அந்தத் துளைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. இந்த வாயுவை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதுவே பெரிய வம்பு செய்யப்போகிறது. மணப்பொருள்களில் சில ஆவியாகிப் பறந்துவிடும். சில, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். கொட்டையின் எண்ணெயும் நாளடைவில் சிக்குநாற்றம் அடையும்.

வறுத்த கொட்டையையே விற்றால் என்ன என்று துணிந்தவர்களில் பெயர் பெற்றவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர வணிகர் ஜான் அர்பக்கிள். வறுத்த கொட்டையின்மேல் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த மெருகைப் பூசி, துளைகளை அடைக்கும் முறைக்கு அவர் 1868இல் காப்புரிமை பெற்றார். ஒரு பவுண்டு பொட்டலங்களில் விற்ற அவருடைய காப்பி மேற்குப் பகுதி மாட்டுக்காரர்களிடையே பெரும் புகழ் பெற்றது. காற்றைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். ஆனால் மெருகு பூசிய காகிதப் பொட்டலம் எவ்வளவு தடுத்துவிடும்?

அடுத்த அடி 1900இல். சான்பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தார், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய தகர டப்பாவில் காப்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக்சிஜன் போய்விட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். இங்கேதான் நாம் பார்த்த கரியமில வாயு தலை காட்டுகிறது! ஒரு கிலோ புதுக் கொட்டை சில லிட்டர் வாயுவை நாள் கணக்கில் வெளிவிடும். உடனே மூடினால் டப்பா உப்பிவிடும். வாயு அடங்கும்வரை காத்திருந்தாலோ, அதற்குள் மணமும் கொஞ்சம் போய்விடும். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1933இல் தொழில் தொடங்கிய பிரான்செஸ்கோ இல்லி, இதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டார். காற்றை எடுத்த இடத்தில் மந்த வாயுவை அழுத்தத்தோடு நிரப்பினார்.

இன்று கடைப் பைகளில் பொத்தான் போல ஒன்று தெரிகிறதே, அது 1960களில் இத்தாலியின் கோலியோ நிறுவனத்தார் கொண்டுவந்த ஒருவழி வால்வு. உள்ளே அழுத்தம் கூடினால் திறந்து வாயுவை வெளியே விடும். வெளிக்காற்றை உள்ளே விடாது. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடுகிறது அல்லவா? இது அதன் தலைகீழ். என் கணிப்பில், இந்தக் கதையிலேயே மிக அழகான கருவி இதுதான். ஆனால் பையை நீங்கள் கத்தரித்த மறுகணம் வால்வின் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் பொறுப்பு உங்களுடையது.

முதலில், மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்டை 8 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம் என்று வைத்துக்கொண்டால் அதன் மேற்பரப்பு 384 சதுர மி.மீ. அதையே அரை மி.மீ. கனசதுரங்களாக்கினால் 4096 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 6144 சதுர மி.மீ. காற்றுப் படும் இடம் 16 மடங்கு! கொட்டையில் வாரக்கணக்கில் நிற்கும் மணம் பொடியில் சில நாளில் மங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைப்பது பார்க்க அழகு. ஆனால் வெளிச்சமும் வெப்பமும் கெடுதலை விரைவுபடுத்தும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். பெரிய டப்பாவின் அடியில் கொஞ்சம் கொட்டை கிடந்தால் மீதி இடமெல்லாம் காற்றுதான். குறையக் குறையச் சிறிய டப்பாவுக்கு மாற்றுங்கள்.

குளிர்ப்பெட்டியில் வைக்கலாமா? ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் அதே வியர்வை கொட்டையின்மேல் படியும். தினமும் எடுத்துத் திறந்து வைப்பதானால் குளிர்ப்பெட்டி வேண்டாம். பல வாரங்களுக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால், வாரத்துக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்கள் கட்டி, காற்றுப் புகாமல் மூடி, உறைநிலை அறையில் வையுங்கள். எடுத்த பொட்டலம் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே பிரியுங்கள். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.