பெயர் நிலைக்கும், முகவரி மாறும்

மனிதன் ஓரிடம் விட்டு மற்றோரிடத்திற்குக் குடிபெயரும்போது அவன் பெயர் மாறுவதில்லை, முகவரிதான் மாறுகிறது. அம்மாற்றத்தை உரிய இடத்தில் தெரிவிக்கத் தவறினால், இருப்பவனும் இல்லாதவன் ஆகிவிடுகிறான். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ரெங்கம் வட்டாரத்துத் தோட்டத் தமிழர் இவ்வுண்மையை வாழ்க்கையில் கண்டவர்கள். அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வரும் கடிதங்களில் வீட்டு எண்ணோ தெருப் பெயரோ பெரும்பாலும் இரா. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், ரெங்கம், ஜொகூர் என்பதே முகவரி. அஞ்சல் நிலையம் தோட்டத்தைக் காட்டும். தோட்டத்து அலுவலகக் கிராணி ஆளைக் காட்டுவார். வேறு தோட்டத்திற்குப் போகும் குடும்பம் பழைய தோட்டத்தில் புதிய இருப்பிடத்தைச் சொல்லிவிட்டுச் சென்றால் கடிதம் பின்தொடர்ந்து வரும், இல்லையேல் நின்றுவிடும்.

இணையம் என்னும் பெரும் வலையின் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. அதன் தீர்வும் ஏறத்தாழ இதுவேதான்.

மக்கள் பெயரால் தேடுவர். கணினிகளோ எண்ணால் மட்டுமே ஒன்றையொன்று அறியும். பெயர்கள் ஒத்திருக்கும்போது எண்ணே வேறுபாட்டைக் காட்டும் என்பதற்கு ரெங்கமே சான்று. ரெங்கம் வேறு, சிம்பாங் ரெங்கம் வேறு. முன்னதன் அஞ்சல் குறியீடு 86300, பின்னதன் குறியீடு 86200. அதுபோல இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் முகவரி உள்ளது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டும்.

1970களில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் அப்பட்டியல் ஒன்றே ஒன்றாக இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதனைப் பேணி வந்தது. ஒரு கணினியின் முகவரி மாறினால் அம்மையத்திற்குச் செய்தி அனுப்ப வேண்டும். அங்குள்ளோர் பட்டியலைத் திருத்துவர். ஏனையோர் அதன் புதிய படியைப் பெற்றுக்கொள்வர். கணினிகள் பெருகப் பெருக ஒரு மையம் அனைத்தையும் தாங்குதல் அரிதாயிற்று. ஜான் போஸ்டல் இப்பணியை ஒப்படைக்க, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டு நவம்பரில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். இன்றும் அடிப்படையாக விளங்கும் அதன் செம்மை வடிவம் 1987 நவம்பரில் வெளிவந்தது.

அவ்வேற்பாட்டில் பொறுப்பு படிப்படியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. உச்சியில் வேர் வழங்கிகள். அவற்றின் கீழ் ஒவ்வொரு பெரும்பிரிவிற்கும் ஒரு பதிவகம். அதன் கீழ் ஒவ்வோர் இணையத்தளத்தின் பெயருக்கும் விடை சொல்லும் பெயர் வழங்கிகள். மலேசியாவிற்குரிய '.மை' பிரிவும் 1987ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வேர் வழங்கியை அஞ்சல் தலைமையகமாகவும், பதிவகத்தை ரெங்கம் அஞ்சல் நிலையமாகவும், பெயர் வழங்கியைத் தோட்டத்துக் கிராணியாகவும் கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும்.

ஆயின் இங்கு ஒரு முடிச்சு உண்டு. ஒரு தளத்தின் பெயர் வழங்கியே அத்தளத்தின் பெயருக்குள் அடங்கியிருந்தால், அதனைக் கண்டுபிடிக்க அதனிடமே வழி கேட்க வேண்டியதாகும். கிராணியின் இருப்பிடத்தைக் கிராணியிடமே கேட்கச் சொல்வது போன்றது இது. இம்முடிச்சை அவிழ்க்கவே, அப்பெயர் வழங்கியின் எண் முகவரியையும் மேலுள்ள பதிவகத்தில் எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அதற்குப் 'பசைப் பதிவு' என்று பெயர். தளங்களைப் புதிய வழங்கிக்கு மாற்றுவோர் பலர் மறப்பது இதனைத்தான். எல்லாக் கோப்புகளும் புதிய இடம் சேர்ந்திருக்கும். பதிவகமோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

பதிவகத்தில் திருத்திய பின்னரும் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பெற்ற விடையை உலகெங்கும் உள்ள கணினிகள் குறித்த காலம்வரை நினைவில் வைத்திருக்கும். '.காம்' பதிவகம் தரும் பெயர் வழங்கி விவரத்திற்கு அக்காலம் 48 மணி நேரம். அதனால் தேர்ந்தவர்கள் தம் தளப் பதிவுகளின் நினைவுக் காலத்தை முன்கூட்டியே குறைத்து, புதிய வழங்கியை முழுமையாக இயக்கிப் பார்த்து, பதிவகத்தில் எண்ணை மாற்றி, பழைய வழங்கியையும் சில நாள்கள் விடை சொல்ல விட்டு வைப்பர்.

சில நாள்கள் மட்டும் போதுமா? வேர் வழங்கிகளின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பெயரால் 13 ஆகிய அவற்றுள் 'ஜே' வழங்கி 2002 நவம்பரில் புதிய முகவரிக்கு மாற்றப்பட்டது. ஈராண்டுகள் கழிந்த பின்னரும் பழைய முகவரிக்கு வினாக்கள் வந்துகொண்டே இருந்தன. 'எல்' வழங்கி 2007 நவம்பர் 1ஆம் நாள் மாறியது. அதனை நடத்திய ஐகான் நிறுவனம் ஆறு திங்கள் பழைய முகவரியையும் காத்து, 2008 மே மாதத்தில் நிறுத்தியது. அக்காலத்தில் வேறு சிலர் அதே எண்ணில் தம் வழங்கிகளை இயக்கி, வந்த வினாக்களுக்கு விடையளித்தமை கண்டறியப்பட்டது. கைவிடப்பட்ட முகவரி வெறுமையாகவே கிடக்கும் என்று நம்புதல் தவறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மலேசியாவும் ஒரு பாடம் கற்றது. 2013 அக்டோபரில் கூகுள் நிறுவனத்தின் மலேசியத் தளப் பெயர்களுக்குரிய பெயர் வழங்கி விவரங்கள் உரிமையற்றோரால் மாற்றப்பட்டன. தேட வந்தோர் வேற்றார் அமைத்த பக்கத்தைக் கண்டு திகைத்தனர். கூகுளின் கணினிகளை எவரும் தொடவில்லை. வழி சொல்லும் குறிப்பு மட்டுமே திருத்தப்பட்டது. வீட்டைப் பூட்டினால் மட்டும் போதாது, வீட்டின் பெயர்ப்பலகையையும் காக்க வேண்டும்.

சொந்தப் பெயரே இல்லாதவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1990களில் தமிழார்வலர் பலர் ஜியோசிட்டிஸ் என்னும் இலவசத் தளத்தில் தம் பக்கங்களை அமைத்தனர். அவர்களுக்கு அங்கு வாய்த்தது குடியிருப்பு மட்டுமே, பெயர் நிறுவனத்தினுடையது. 2009 அக்டோபர் 26ஆம் நாள் அத்தளம் மூடப்பட்டபோது, எழுத்துகளைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களாலும் பழைய முகவரியைத் தேடி வருவோர்க்குப் புதிய இடத்தைக் காட்ட இயலவில்லை. தனிப்பெயர் பெற்றிருந்தோருக்கோ, வழங்கி எத்தனை முறை மாறினும், ஓர் எண்ணைத் திருத்துவதோடு வேலை முடிந்தது.

அயலகத் தமிழரின் இதழ்களும் நூல்களும் இன்று இணையத்தில் பெருகி வருகின்றன. சங்கங்களும் பள்ளிகளும் தமக்கெனத் தளங்கள் வைத்துள்ளன. அவற்றின் பெயரை யார் பதிவு செய்தார், பெயர் வழங்கியின் எண் எங்கே எழுதப்பட்டுள்ளது, திருத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றைச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் கடமையாகும். பொறுப்பாளர் ஒருவர் விலகியதும் வழியறியாது நிற்கும் நிலை அதனால் நீங்கும்.

ரெங்கத்துத் தோட்டங்களில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிய பின்னும், புறப்படுமுன் அலுவலகத்திற்குப் போய் இடம் சொல்லிவிட்டு வந்த முதியோர் இணையத்தைக் கண்டதில்லை. எனினும் அதன் அடிப்படை விதியை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.