பெரட்டுக்களத்திலிருந்து போன் திரைக்கு

நம்ம கூட்டத்துல ஒரு அக்கா கொழும்பில் கடையொன்றில் வேலை செய்றாங்க. மத்தியானம் சோத்துப் பார்சலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி போனை எடுத்து ஒரு தட்டு தட்டுவாங்க. ஹட்டன் பக்கத்து லயத்து இஸ்தோப்பு திரையில வரும். மலையிலிருந்து அம்மா வந்து சேர்ந்தது தெரிஞ்ச பிறகுதான் சாப்பாடு. நாங்களும் பல தடவை எட்டிப் பார்த்திருக்கிறோம். பார்க்கிறப்போ ஒரு கேள்வி வரும்: நம்ம தோட்டங்களில் இதுக்கு முன்னாடி யார் யாரைப் பார்த்தாங்க?

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதற்கு முன்னால் இருந்த கோப்பித் தோட்டக் காலத்திலேயே பார்வைக்கு ஒரு படிவரிசை அமைந்துவிட்டது. கங்காணி ஆளைப் பார்ப்பார், கணக்கப்பிள்ளை கங்காணியைப் பார்ப்பார், அவருக்கு மேல சின்னத்துரை, எல்லாருக்கும் மேல பெரியதுரை. விடியக்காலையில தப்புச் சத்தம் கேட்டா பெரட்டுக்களத்தில் போய் நிற்கணும். அங்கே பேர் விழுந்தாத்தான் அன்றைய கூலி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகணும்னா கடன் கணக்கு எழுதிய 'துண்டு' வேணும். ஆள் எங்கே போனாலும் கடன் பின்னாலேயே வந்தது. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

மேலேயிருந்து கீழே பார்க்கலாம். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. தோட்டம் தனியார் சொத்து, அனுமதியில்லாம நுழைஞ்சா அத்துமீறல். கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையை நேரில் பார்க்கப் புடவை வியாபாரி மாதிரி வேஷம் போட்டுத்தான் தோட்டத்துக்குள் போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்றாங்க. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கினவரும் அவர்தான். நம்ம லயத்தைப் பார்க்கிறதுக்கே ஒரு ஆள் வேஷம் போட வேண்டியிருந்த காலம் அது.

இனி வீட்டுக் கமராவின் கதைக்கு வருவோம். அதைத் தொடங்கி வைத்தவர் பெரிய முதலாளி இல்லை. நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதி மேரி வான் பிரிட்டன் பிரவுன். ராத்திரியில் அவர் தனியாக இருக்கிற நேரங்கள் உண்டு. கூப்பிட்டால் பொலிஸ் வரத் தாமதமாகும். 1966இல் கணவர் அல்பேர்ட்டோடு சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் மேலும் கீழுமாக ஓட்டைகள், அவற்றின் வழியே பார்க்கும் கமரா, படுக்கையறையில் தொலைக்காட்சி, வாசலில் நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, கதவைத் திறக்க ஒரு பொத்தான். இன்றைய போன் ஆப்பில் இருக்கிற முக்கால்வாசி வேலையும் அதிலேயே இருந்தது. ஒரு பெண் தன் வாசலைத் தானே பார்க்க நினைத்ததில் பிறந்த சாதனம் இது.

தூரத்திலிருந்து பார்க்கிற வித்தை வேறு இடத்தில் வளர்ந்தது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், கோப்பி ஜாடியில் கோப்பி மிச்சமிருக்கா என்று எழும்பிப் போகாமலே பார்க்க ஒரு கமரா வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. பிறகு உலகமே அந்த ஜாடியைப் பார்த்தது.

இப்போ அக்காவின் போனுக்கு லயத்துப் படம் எப்படி வருது? வீட்டுக் கமரா ரவுட்டர் வழியாகக் கம்பனியின் சேர்வரைத் தொடர்புகொண்டு காத்திருக்கும். போனும் அதே சேர்வரைத் தேடிப் போகும். இரண்டையும் அது அறிமுகப்படுத்தி வைக்கும். சில சமயம் படம் நேராக வரும், சில சமயம் அந்தச் சேர்வர் வழியாகவே வரும். கரண்ட் போனா ரவுட்டரும் போச்சு, திரை இருட்டு. அதோட, நம்ம வாசலுக்கும் நம்ம கண்ணுக்கும் நடுவில் எங்கோ ஒரு நாட்டில் இன்னொருத்தர் கம்ப்யூட்டர் நிற்குது.

அந்த நடுவழியில் ஆபத்தும் இருக்கு. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், கடையில் வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்துத் தன் படையாக்கியது. அந்த ஒக்டோபரில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பல மணிநேரம் தடுமாறின. அதனால் முதல் வேலை பாஸ்வேர்டை மாத்துறது. இரண்டாவது, வீட்டில் வேறு யாராவது பார்க்கணும்னா பாஸ்வேர்டைக் கொடுக்காமல் ஆப்பிலேயே அனுமதி கொடுக்கிறது. அப்போதான் பிறகு நிறுத்தவும் முடியும்.

ஆனா லயத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும், லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம். நம்மது இல்லாத சுவரில்தான் நம்ம கமரா தொங்குது. அந்தச் சுவரையொட்டிய இஸ்தோப்பு வரிசையில் பக்கத்து வீட்டு ஆட்களும் நடப்பாங்க, தலை சீவுவாங்க, அழுவாங்க. அதெல்லாம் யார் போனில் விழுது?

அக்கா ஒருநாள் போனைத் திறந்தபோது திரை முழுக்க வெள்ளை. பதறிப்போய் அழைத்தாங்க. அம்மா கமராமேல துவாயைப் போட்டிருந்தாங்க. "நான் என்ன இன்னும் பெரட்டுலயா நிக்கிறேன்?" என்று ஒரே கேள்வி. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போய்க் கமராவைத் திருப்பினாங்க. இப்போ அது படிக்கட்டையும் வாசலையும் மட்டும் பார்க்குது. அணைக்கிற பொத்தானை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாச்சு, பக்கத்து வீட்டிலும் சொல்லியாச்சு. கமரா வைக்கிற நம்ம பிள்ளைகளுக்கு நாங்க சொல்றதும் அதுதான். கள்ளனைப் பார்க்க வச்ச கண், அம்மாவுக்குக் கங்காணியாகக் கூடாது. வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டில் இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நம்ம தாத்தா பாட்டியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.